சோலார் ஒப்பந்ததாரரை மனம் நோகாமல் மேய்ப்பது எப்படி?

வாழ்த்துகள். உங்கள் தொண்டு நிறுவனத்துக்கு ஒரு பெரிய கம்பெனியின் சி.எஸ்.ஆர். பணம் வந்திருக்கிறது. திண்டிவனம் பக்கத்துக் காலனி ஒன்றில் 40 வீட்டு மொட்டைமாடியில் தலா 1 கிலோவாட் சோலார் போட்டுக் கொடுக்க வேண்டும். மார்ச் 31-க்குள் பணம் செலவாகியிருக்க வேண்டும்; உங்கள் கைக்கு வந்து சேர்ந்தது ஜனவரிக் கடைசியில். கரன்ட் பற்றி உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஃபியூஸ் போனால் யாருக்குப் போன் போடுவது என்பதுதான். கவலை வேண்டாம். திட்ட ஒருங்கிணைப்பாளர் பதவிக்கு அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

பேனலில் வெயில் பட்டால் கரன்ட் வரும், அதற்கு நீங்கள் வேண்டியதில்லை. வேலை முடிந்தது என்று எழுதிக் கொடுக்கத்தான் நீங்கள் வேண்டும். ஒப்பந்ததாரருக்கு உங்கள் கையெழுத்து போதும். கம்பெனிக்கு வண்ணப்படம் போட்ட அறிக்கை போதும். உங்கள் நிறுவனத்துக்கு அடுத்த வருஷ நிதி போதும். வீட்டுக்காரர்களைப் பற்றி ரொம்ப யோசிக்காதீர்கள். தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற வழக்கம் நம்மிடம் கிடையாது என்று அவர்களுக்கே சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறோம்.

முன்னோர் காட்டிய வழி

ஏழை வீட்டுக் கூரையில் சோலார் ஏற்றுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2011-12இல் ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது சூரிய ஒளிப் பசுமை வீடுகள் திட்டம் வந்தது. 300 சதுர அடி வீடு. மொத்தம் 1.80 லட்சம் ரூபாய்; அதில் கட்டுமானத்துக்கு 1.50 லட்சம், சோலார் விளக்குக்கு 30,000. வருஷத்துக்கு 60,000 வீடு என்று இலக்கு. வீட்டுக்கு ஐந்து விளக்கு: கூடம், படுக்கையறை, சமையலறை, கழிப்பறை, வராண்டா. கழிப்பறைக்கும் ஒன்று என்று எழுதியவர் யாரோ ராத்திரியில் கொல்லைப்பக்கம் போய்வந்த அனுபவம் உள்ளவர். கிண்டலுக்காகச் சொல்லவில்லை, உள்ளபடியே நல்ல யோசனை.

அந்தக் காலத்து சோலார் விளக்கிலிருந்து நீங்கள் கற்க வேண்டியது பேட்டரிப் பாடம். பேனலின் ஆயுள் 25 வருஷம். லெட் ஆசிட் பேட்டரிக்கு 3 முதல் 5 வருஷம், அதுவும் காலாகாலத்தில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி வந்தால். அதை யார் ஊற்றுவது, எந்தக் கடையில் வாங்குவது, பேட்டரி செத்தால் அடுத்ததற்குக் காசு யார் தருவது என்ற மூன்றையும் யாரும் எழுதி வைக்கவில்லை என்றால் என்ன நடக்கும் என்று காலனிப் பக்கம் போனால் பார்க்கலாம். டிஸ்டில்டு வாட்டர் கிடைக்காத வீட்டில் கைப்பம்புத் தண்ணீரை ஊற்றினார்கள். நம் பக்கத்து உப்புத் தண்ணீரில் சோறே சரியாக வேகாது, பேட்டரி எம்மாத்திரம். பேட்டரி பழைய இரும்புக் கடைக்குப் போனது. பேனல் மட்டும் மாடியில் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது. கீழே வயர் வந்து இறங்கும் பெட்டிமேல் ஊதுபத்தி ஸ்டாண்டு வைத்திருக்கிறார்கள். பெட்டி உறுதியான பெட்டி.

இன்றைக்கு அந்தத் தொல்லை இல்லை. இப்போது வீடுகளில் பெரும்பாலும் பேட்டரியே கிடையாது, பேனல் கரன்ட் நேராக இ.பி. லைனோடு போய்ச் சேர்ந்துகொள்கிறது. ஆக, பேட்டரி பற்றிக் கேள்வி வராது. வேறு கேள்விகள் வரும். அவற்றுக்கும் பதில் சொல்லாமல் இருக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

பூஜ்யத்தில் சேமிப்பு

திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் ‘ஏழைக் குடும்பங்களின் மின்கட்டணச் சுமை குறையும்’ என்று எழுத வேண்டும். கட்டாயம் எழுத வேண்டும். ஆனால் எழுதும்போது காலனி வீட்டின் மின் அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஏனென்றால் 2016 மே மாதத்திலிருந்து இங்கே வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். காலனி வீட்டில் ஓடுவது மூன்று எல்.இ.டி. பல்பு, ஒரு மின்விசிறி, சாயந்திரத்தில் டி.வி. எவ்வளவு தாராளமாகக் கணக்குப் போட்டாலும் இரண்டு மாதத்துக்கு 100-ஐத் தொடுவது கஷ்டம். பில் பூஜ்யம். நீங்கள் ஏற்றப்போகும் 1 கிலோவாட், நம் ஊர் வெயிலுக்கு, நாளுக்கு 4 யூனிட்டாவது தரும். இரண்டு மாதத்துக்கு 240. பூஜ்யத்திலிருந்து எவ்வளவு குறையும் என்று கேட்டவரை நான் எந்தக் கமிட்டியிலும் பார்த்ததில்லை.

விவரம் தெரிந்த ஒருவர் கூட்டத்தில் எழுந்து, “அதே பேனலை ஊராட்சித் தண்ணி மோட்டாருக்குப் போட்டா கரன்ட் பில்லு நிஜமாவே குறையும். குழுப் பொம்பளைங்க தையக்கூடத்துக்குப் போட்டாலும் பிரயோஜனம். மாவு மில்லுக்குப் போட்டா வருமானமே வரும்” என்பார். அவர் சொல்வது சரி. அதனால்தான் ஆபத்து. தண்ணீர் மோட்டாருக்குப் பேனல் வைத்தால் பயனாளிப் பட்டியலில் எத்தனை பெயர் வரும்? ஒன்று. அதுவும் மோட்டாரின் பெயர். 40 வீடு, 40 பயனாளி, 40 சிரித்த முகம் என்றால்தான் அறிக்கைக்கு அழகு. நன்றி சொல்லி உட்காரவையுங்கள்.

ஒன்றிய அரசின் மானியமும் உண்டு. 2024 பிப்ரவரியில் வந்த பி.எம். சூர்ய கர் திட்டம்: ஒரு கோடி வீடு, 75,021 கோடி ரூபாய். 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-ம் அதற்கு மேலும் 78,000. இந்தப் பணம் வேலை முடிந்து, மீட்டர் மாட்டி, ஆய்வும் முடிந்த பிறகு வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கில் விழும். அதுவரை முழுத்தொகையையும் யாராவது முன்னே போட்டு வைக்க வேண்டும். கரும்பு வெட்டப் போகிறவர் எங்கே போவார் என்று கேட்காதீர்கள். அந்த ஓட்டையை அடைக்கத்தானே உங்களைப் போன்றவர்கள் சி.எஸ்.ஆர். பணத்தோடு வந்திருக்கிறீர்கள்.

மானியத்துக்கு இன்னொரு நிபந்தனை: மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் விண்ணப்பம். இதைப் படித்துவிட்டு யாரும் தூக்கம் கெடுவதில்லை, காலனிக்குப் போய்ப் பட்டியல் எடுக்கும்வரை. முதல் வீட்டில் இணைப்பு மாமனார் பெயரில். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. இறப்புச் சான்று இல்லை, ஏனென்றால் எதற்கும் தேவைப்படவில்லை. பெயர் மாற்ற வாரிசுச் சான்று வேண்டும். வாரிசு என்று பார்த்தால் நான்கு பேர், அதில் ஒருவர் திருப்பூரில், ஒருவர் எங்கே என்று தெரியாது. அடுத்த வீட்டில் இணைப்பு சரியான ஆள் பெயரில் இருக்கிறது, ஆனால் ஆதாரில் இனிஷியல் முன்னால், மின் அட்டையில் பின்னால். மூன்றாவது வீடு தொகுப்பு வீடு. பட்டா கொடுத்த அன்றைக்கு வாங்கியவர் இப்போது அங்கே இல்லை, வாங்கியவரிடம் வாங்கியவர் இருக்கிறார்.

இதைச் சரிசெய்ய ஒருவர் தாலுகா ஆபீசுக்கும் இ.பி. ஆபீசுக்கும் மாதக்கணக்கில் நடக்க வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் பட்ஜெட்டில் இல்லை, பேனருக்கு இருக்கிறது. ஆகவே பட்டியலில் ‘ஆவணம் சரியாக உள்ளவர்கள்’ என்று ஒரு கட்டம் போடுங்கள். தானாகவே கொஞ்சம் வசதியான வீடுகளாகப் பார்த்துப் பட்டியல் சுருங்கிவிடும். விதவைகள், பிரிந்து வாழ்கிறவர்கள், பெரியவர் செத்துப்போன குடும்பம் எல்லாம் வெளியே நிற்கும். அறிக்கையில் அது ‘தகுதி அடிப்படையிலான தேர்வு’.

ஆளைப் பிடிப்பது

ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுக்க மூன்று கொட்டேஷன் வாங்க வேண்டும். மூன்றும் ஒரே லேப்டாப்பில் அடித்ததா என்று எழுத்துருவைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம், கண்டுபிடிக்க வேண்டாம். எவர் குறைந்த விலை போட்டாரோ அவருக்கே கொடுங்கள். மற்ற இருவர் விலை ஏன் கூடுதல் என்று விசாரித்தால் சங்கடமான விஷயங்கள் தெரியவரும்: அவர்கள் தடிமனான துத்தநாகப் பூச்சு போட்ட ஜி.ஐ. ஆங்கிள் என்று எழுதியிருப்பார்கள், இவர் ‘ஸ்ட்ரக்சர்’ என்று மட்டும் எழுதியிருப்பார். அவர்கள் வெயில் தாங்கும் 4 ஸ்கொயர் எம்.எம். செம்பு டி.சி. கேபிள் என்றிருப்பார்கள், இவர் ‘தேவையான வயரிங்’ என்றிருப்பார். ‘தேவையான’ என்றால் யாருக்குத் தேவையான என்று கேட்பது நாகரிகமில்லை.

கையெழுத்துப் போட்ட சென்னைக் கம்பெனி உங்கள் காலனிக்கு வராது. அது விழுப்புரத்தில் ஒருவருக்கு விடும். அவர் செஞ்சியில் ஒரு எலக்ட்ரீசியனுக்கு விடுவார். அவர் தன் மச்சானையும் மச்சானின் நண்பனையும் ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் அனுப்புவார். ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் நடுவில் கொஞ்சம் பணம் நின்றுவிடும். எக்ஸ்.எல்.லில் வந்து இறங்கும் பையனுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று பேசியிருப்பார்கள். ஒரே நாளில் எத்தனை வீடு முடிக்கிறானோ அத்தனை காசு. வேலை ஒழுங்காக இல்லை என்று அவனைத் திட்டுவது ரொம்பச் சுலபம், அவன் எதிரிலேயே நிற்கிறான். சென்னைக் கம்பெனியைத் திட்ட மெயில் போட வேண்டும்.

இந்த இடத்தில் ‘ஸ்கோப்’ என்ற மந்திரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தொகுப்பு வீட்டுக் கூரையைப் பார்த்திருக்கிறீர்களா? அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் காரை உதிர்ந்து கம்பி தெரியும். அதில் ஆங்கர் போல்ட்டுக்கு டிரில் போட்டால், அடுத்த ஐப்பசியில் பாய்க்கு மேல் சொட்டும். “அது சிவில் ஒர்க் சார், நம்ம ஸ்கோப்ல இல்ல” என்பார் ஒப்பந்ததாரர். டிரில் போட்டது அவர் ஸ்கோப். ஒழுகுவது வீட்டுக்காரரின் ஸ்கோப். போல்ட் போடாமல் சிமெண்ட் கட்டையை மட்டும் வைத்து நிறுத்தலாம் என்றும் சொல்வார். வர்தா, கஜா, ஃபெஞ்சல் என்று இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புயல் வந்துபோகும் கரை இது. காற்றுக்கு எவ்வளவு எடை வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்தால் அந்தக் கட்டையின் கனத்தைக் கூரை தாங்காது; கூரை தாங்குகிற எடையில் வைத்தால் காற்றுக்கு நிற்காது. ஒன்று, முதலில் கூரையைப் பழுது பார்க்க வேண்டும். இல்லை, ஸ்கோப் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது மலிவு.

மாடியில் ஒருநாள்

வேலை நடக்கும்போது மாடிக்கு ஏற வேண்டாம் என்பதுதான் என் ஆலோசனை. வெயில் ஜாஸ்தி. போயே ஆக வேண்டுமென்றால் சில இடங்களைப் பார்க்காமல் இருக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது எர்த். சோலாருக்கு எர்த் குழி தோண்ட வேண்டும்: டி.சி.க்கு ஒன்று, ஏ.சி.க்கு ஒன்று, இடிதாங்கிக்குத் தனியாக ஒன்று. எட்டடி ஆழத்துக்குக் கம்பியோ பைப்போ இறக்கி, கரியும் உப்பும் போட்டு, மேலே மூடி வைத்து, மீட்டரில் 5 ஓமுக்குக் கீழே வருகிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்து மண் நான்கடிக்குக் கீழே சுக்கான் பாறை. எட்டடி தோண்ட ஒரு ஆள் ஒருநாள் முழுக்க வேண்டும்; மூன்று குழி என்றால் சொல்ல வேண்டியதில்லை. நான் பார்த்த ஒரு வேலையில் 40 வீட்டிலும் மூடி அழகாக வைத்து, மஞ்சள் பெயின்ட் அடித்து, ‘எர்த்’ என்று நம்பரோடு எழுதியிருந்தார்கள். 40-க்கும் ஜியோ டேக் போட்டோ உண்டு. மகளிர் குழுவைச் சேர்ந்த ஒருவர், பேச்சோடு பேச்சாக, ஒரு மூடியைத் திறந்து கம்பியைப் பிடித்து மேலே இழுத்தார். ஈர மண்ணிலிருந்து முள்ளங்கி வருவதுபோல் வந்துவிட்டது. இரண்டடி இருக்கும். எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எக்ஸ்.எல்.லில் வந்த பையன்தான் முதலில் பேசினான்: “யக்கா, அத அப்படியே திரும்ப வச்சுடுங்க, நான் ஓனருக்குப் போன் போடுறேன்.”

ஓனர் போனில் சொன்னது: “மேடம் ஏன் கைய வச்சாங்க? லைவ்ல இருந்தா என்ன ஆவறது?” அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. எர்த் ஒழுங்காக இல்லாத இடத்தில் கையை வைப்பது ஆபத்துதான்.

இரண்டாவது நிழல். பேனல் தெற்கு பார்த்து, பத்துப் பதினைந்து டிகிரி சாய்வில் இருந்தால் நம் பக்கத்துக்குப் போதும். ஆனால் தென்னைமரம் ஒன்று சாயந்திரம் மூன்று மணிக்கு ஒரு பேனலின் ஓரத்தில் நிழல் போட்டால் அந்தப் பேனல் மட்டும் படுக்காது, வரிசையாக அதோடு கோத்த மற்றவையும் சேர்ந்து சொங்கிப்போகும். காலையில் பத்து மணிக்கு வந்து இடம் பார்த்துப் போகிறவருக்கு அந்த நிழல் தெரிய வழியில்லை. தெரிந்தவர் வீட்டுக்காரம்மா; எந்த மாசத்தில் எந்த மூலையில் எவ்வளவு நேரம் வெயில் நிற்கும் என்று மிளகாய் காயவைத்தே தெரிந்துவைத்திருப்பார். அவரைக் கேட்டுவிடாதீர்கள். கேட்டால், “மிளகா காயப்போட எடம் வுட்டு வைப்பா, சித்திரையில படுக்கறதும் இங்கதான்” என்று அதையும் சொல்வார். 300 சதுர அடி மாடியில் 100 சதுர அடி பேனலுக்குப் போகிறது. நட்டநடுவில், ஓரடி உயரத்தில் காலை ஊன்றி நிறுத்திவிட்டால் மாடி முழுக்கப் போகும். ஓரமாக, ஆள் குனிந்து போகிற உயரத்தில் வைத்தால் நிழலில் ஆடு கட்டலாம், பேனலைத் துடைக்கவும் கை எட்டும். உயரம் கூட்டினால் ஆங்கிளுக்குக் காசு கூடும். அவ்வளவுதான் விஷயம்.

பேனலின் வரிசை எண்ணைப் பார்க்க வேண்டும் என்றும், மானியத்துக்கு உள்நாட்டில் தயாரித்த செல் போட்ட பேனலாக இருக்க வேண்டும் என்றும் சொல்வார்கள். எண் பேனலின் முதுகில் இருக்கிறது. மாட்டிவிட்டால் குனிந்து பார்க்க வேண்டும். இடுப்பு வலி.

“ஆள் கிளம்பியாச்சு சார்”

தாமதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே அனுபவிப்பீர்கள். ஒப்பந்ததாரர் அனுப்பிய ஆள் ஒருவர் ஒரு வாரமாகப் பரனூர் டோல்கேட்டைத் தாண்டிக்கொண்டே இருப்பார். இன்வெர்ட்டர் ஸ்டாக் இல்லை. வந்த இன்வெர்ட்டர் வேறு மாடல். நெட் மீட்டர் இ.பி.யில் கையிருப்பு இல்லை. ஓனர் வீட்டில் காதுகுத்து. இதற்கெல்லாம் கோபப்படாதீர்கள், மார்ச் நெருங்கும்போது நீங்கள்தான் அவரைக் கெஞ்சுவீர்கள். அவருக்கு அது தெரியும். அதனால்தான் ஜனவரியில் அவர் அவசரப்படுவதில்லை.

பணம் கொடுக்கும் முறையில்தான் உங்கள் பெருந்தன்மையைக் காட்ட வேண்டும். சாமான் வந்து இறங்கியதும் 70 சதவீதம், மாட்டியதும் 30. கம்பெனி ஆடிட்டருக்கு மார்ச் 31-க்குள் முழுப்பணமும் போய்விட வேண்டும் என்பதால் இது எல்லாருக்கும் வசதி. மீட்டர் மாட்டும்வரை 20 சதவீதம், ஐந்து வருஷப் பராமரிப்புக்கு 10 சதவீதம் என்று பிடித்து வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? அவர் போனை எடுப்பார். நீங்கள் கூப்பிடாமலே கூடக் கூப்பிடுவார். அப்படி ஒரு உறவு இந்தத் துறையில் பழக்கமில்லாதது, கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

திறப்பு விழா

விழாவுக்கு ஒரு வீட்டைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளையடியுங்கள். பேனரில் முக்கிய விருந்தினர் படம் பேனலைவிடப் பெரிதாக இருக்கட்டும். அவர் சுவிட்சைப் போடும்போது விளக்கு எரிய வேண்டும். அது எப்படியும் எரியும், இ.பி. கரன்டில்.

விழா நடக்கும்போது கரன்ட் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது முக்கியம். பேட்டரி இல்லாத சோலார், லைனில் கரன்ட் போனதும் தானும் நின்றுவிடும். உச்சி வெயிலில், பேனல் தகதகவென்று மின்னிக்கொண்டிருக்க, வீட்டுக்குள் மின்விசிறி நிற்கும். லைனில் ஏறி வேலை செய்கிறவருக்கு இந்தப் பக்கமிருந்து கரன்ட் பாய்ந்து ஷாக் அடித்துவிடக் கூடாது என்பதற்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள், சரியான ஏற்பாடு. ஆனால் இதை வீட்டுக்காரர்களுக்கு முன்கூட்டிச் சொன்னவரை நான் பார்த்ததில்லை. சொன்னால் பாதிப்பேர், “அப்ப எதுக்குப்பா இது?” என்பார்கள். பவர்கட்டுக்குத்தான் சோலார் வருகிறது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும்.

அதே நாளில் ‘பயனாளிகளுக்குப் பயிற்சி’யையும் முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் அச்சடித்த கையேடு ஒன்று. போனில் எவ்வளவு யூனிட் வருகிறது என்று காட்டும் ஆப் ஒன்று. அது ஓட இன்வெர்ட்டருக்கு வைஃபை வேண்டும், காலனியில் வைஃபை எந்த வீட்டில் இருக்கிறது என்று அந்த ஆப்பே தேடிக்கொண்டிருக்கும். புகார் எண் போட்ட ஸ்டிக்கரை இன்வெர்ட்டர்மேல் ஒட்டுங்கள். அது சென்னைக் கம்பெனியின் மார்க்கெட்டிங் பையன் நம்பர். அவன் ஆடி மாதத்துக்குள் வேறு வேலைக்குப் போய்விடுவான். கைநாட்டு வாங்கும்போது எந்தத் தாளில் வாங்குகிறோம் என்று விளக்கிக்கொண்டிருந்தால் சாப்பாடு ஆறிவிடும். அந்தத் தாளில், ‘சோலார் நல்ல நிலையில் இயங்குவதைக் கண்டு திருப்தி அடைந்தேன்’ என்று அச்சடித்திருக்கும். மீட்டர் இன்னும் வந்திருக்காது.

தவிர்க்க வேண்டிய ஆட்கள்

எல்லாம் முடிந்த நிலையில் வேலையைக் கெடுக்கக் கூடியவர்கள் சிலர் உண்டு. ராஜஸ்தானில் திலோனியா என்ற ஊரில் 1972இல் பங்க்கர் ராய் தொடங்கிய பேர்ஃபுட் காலேஜ் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பாட்டிகளைக் கூட்டிவந்து, ஆறு மாதத்தில் சோலார் சர்க்யூட்டைக் கோக்கவும் பழுது பார்க்கவும் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்துகூட வந்து கற்றுப் போயிருக்கிறார்கள். ஆம்பளைகளுக்குச் சர்ட்டிபிகேட் கொடுத்தால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு டவுனுக்குக் கிளம்பிவிடுவார்கள், பாட்டிகள் ஊரிலேயே இருப்பார்கள் என்பது ராயின் கணக்கு. இந்தச் செய்தி உங்கள் காலனிக்குப் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குள்ளேயே இரண்டு பெண்களுக்கு ஃபியூஸ் மாற்றவும், தளர்ந்த கனெக்டரை இறுக்கவும், இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம் என்று சொல்லவும் தெரிந்துவிட்டால், ‘டெக்னீசியன் வந்து பார்க்கணும்’ என்ற வாக்கியத்தின் மதிப்பு போய்விடும்.

எர்த் கம்பியை இழுத்தவர் போன்றவர்கள் இன்னும் மோசம். அந்த அம்மா அதோடு நிற்கவில்லை. குழுக் கணக்கு எழுதும் நீளநோட்டில் பின்பக்கத்திலிருந்து கோடு போட்டு, எந்த வீட்டில் எந்தத் தேதியில் இன்வெர்ட்டர் நின்றது, யாருக்குப் போன் போட்டது, யார் வந்தது என்று எழுதத் தொடங்கினார். பெரும்பாலும் கடைசிக் கட்டம் காலி. ஒப்பந்ததாரர் ஒருமுறை அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் எதுக்கும்மா, வாட்ஸ்அப்ல போட்டா போதாதா?” என்றார். வாட்ஸ்அப்பில் போட்டதைத்தான் அவர் பார்க்கவில்லை என்று நோட்டில் இருந்தது.

அதற்குப் பிறகு அந்த அம்மா கேட்டது இன்னும் விபரீதம். அடுத்தமுறை இப்படி வேலை வந்தால் ஃபைனல் பில்லில் குழுவின் கையெழுத்தும் இருக்க வேண்டும். பிடித்து வைக்கும் பணம் ஐந்து வருஷத்துக்குக் குழுவின் வங்கிக் கணக்கில் கிடக்க வேண்டும். பழுதாகி இத்தனை நாளுக்குள் ஆள் வரவில்லை என்றால் அதிலிருந்து கழித்து உள்ளூர் எலக்ட்ரீசியனுக்குக் கொடுக்க வேண்டும். மூன்றே வரி. எங்கள் வக்கீல் எழுதிய 22 பக்க ஒப்பந்தத்தில் இல்லாதது அந்த மூன்று வரியில் இருந்தது. பணத்தையும் பேனாவையும் ஒரே ஆளிடம், அதுவும் அந்த விளக்கின் கீழே உட்கார்ந்து சமைக்கிற ஆளிடம் கொடுத்துவிட்டால் ஒப்பந்ததாரர் உங்களை எதற்கு மதிப்பார்?

எனவே இந்தத் தீர்மானம் கூட்டத்துக்கு வராமல் செய்ய வழி சொல்கிறேன். கூட்டத்தை நூறுநாள் வேலை நடக்கிற நாளில், காலை பதினொரு மணிக்கு, பிளாக் ஆபீஸ் பக்கத்தில் வையுங்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி யாரும் வரமாட்டார்கள். அப்படியும் அந்த அம்மா வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டால், டீயும் மிக்சரும் கொடுத்து உபசரியுங்கள், பேசவும் விடுங்கள். மினிட்ஸ் புத்தகத்தை மட்டும் அவர் பக்கமாக நகர்த்தாதீர்கள். எழுதிவிடுவார், தேதி போட்டு.